முனை மூடாத வரி

சுப்புராயன் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் பைப் ஃபிட்டர். புகை நெஞ்சில் இறங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவார்.

கன்ட்ரோல் ரூமில் ஒரு இடம் காலியானது. ஏசி அறை, புகை கிடையாது. ஆனால் கம்ப்யூட்டர் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். தன் ஊரான குடிகாட்டிலிருந்து கடலூர் போய் மாலை வகுப்பில் படித்தார். 2006-இல் சிதம்பரத்தில் செய்முறைத் தேர்வு. மனைவி பொன்னியும் கூடவே வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டாள்.

கேள்வி சின்னது, ஒரு குட்டி புரோகிராம். ஒரு வரியில் சில ஊர்ப் பெயர்கள். இடைவெளி உள்ள இடங்களில் வெட்டி, பெயர்களை ஒவ்வொன்றாக எடுக்கும் லூப் போட்டு, நடுவில் சிறு கோடு வைத்து மறுபடி ஒரே வரியாகச் சேர்க்க வேண்டும். வெட்டுவது சரியாக வந்தது. சேர்த்ததும் திரையில்:

கடலூர்-பண்ருட்டி-சிதம்பரம்-

தேர்வாளர் ஜெயராணி குனிந்து பார்த்தார். "கடைசியில எதுக்குங்க ஐயா இந்தக் கோடு?"

"டம்மி மேடம், பைப்புக்குப் போடற மூடி. முனையத் தொறந்தா உடுவாங்க?"

"இதுல என்ன ஆசிடா ஓடுது?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இப்படியே உட்டா மார்க் கெடையாது. நேரம் இருக்கு, பாருங்க."

திறந்த முனையை மூடாமல் சுப்புராயன் ஒரு நாளும் வீடு திரும்பியதில்லை. அந்தக் கோட்டை அழிக்க மனம் வரவில்லை. கண்ணை மூடி, புது லைன் இழுப்பதை நினைத்துப் பார்த்தார். முதல் பைப் சும்மா கிடக்கும். அடுத்து வரும் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு ஜாயின்ட். கடைசிப் பைப்புக்கு அப்புறம் வருவது ஜாயின்ட் இல்லை, மூடி. கேள்வியில் மூடி கேட்கவில்லை.

லூப்புக்குள் ஒரு நிபந்தனை சேர்த்தார்: முதல் பெயர் இல்லையென்றால், முன்னால் கோடு. ஓட்டினார்.

கடலூர்-பண்ருட்டி-சிதம்பரம்

ஜெயராணி டிக் அடித்தார். "பாஸ் ஐயா. போய்ட்டு வாங்க."

வாசலில் பொன்னி எழுந்து நின்றாள். "இன்னாச்சி?"

"முனையத் தொறந்தே உட்டுட்டு வந்துட்டேன்."

"அய்யய்யோ!"

"ஒண்ணும் கசியலடி. பாஸு!"

"இந்த வயசுல வெளாட்டப் பாரு" என்று தோளில் ஒன்று வைத்தாள்.

கன்ட்ரோல் ரூம் கிடைத்தது. மழைக்காலம் முடிவதற்குள் அவர் பாயில் மல்லாந்து படுத்துத் தூங்கினார். பொன்னி விழித்திருந்து அதைப் பார்த்தாள். 2012-இல் வேறொரு நோய் அவரைக் கொண்டுபோனது. அன்றும் படுத்துத்தான் இருந்தார். மூச்சு கடைசிவரை முட்டவில்லை.