மீதி அரை மார்க்

நெத்திலியின் தலையைக் கிள்ளுவதில் அம்மா என்னைவிட மூன்று மடங்கு வேகம். அந்தச் சனிக்கிழமை காலை அரைக் கிலோவை இரண்டு பேரும் பிரித்துக்கொண்டோம். அவள் தன் பங்கை முடித்துவிட்டு என் பங்கில் கை வைத்தபோது லேப்டாப் சத்தம் போட்டது.

"சுஜி, நீ கையைக் கழுவிட்டு வா. நான் சொல்றேன், நீ டைப் பண்ணு."

நார்வேயிலிருந்து ஹென்ரிக் புதிய திருத்தம் அனுப்பியிருந்தார். நாற்பது வரி. நான் வாசிக்க, அம்மா கிள்ளிக்கொண்டே கேட்டாள். ஓரிடத்தில் நிறுத்தி, மறுபடி வாசிக்கச் சொன்னாள். பிறகு ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். படிகள் சரி. விடை சரி. பத்துக்கு ஒன்பதரை. எங்கள் சபைப் பட்டியலை இதில் ஓட்டிப் பார்த்துவிட்டு மீதி அரையைத் தருகிறேன், திங்கட்கிழமை.

அந்த அரையையும் இப்போதே கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்டேன்.

"ஓட்டிப் பார்க்காம கொடுத்தா அது மார்க் இல்லடி, கிறிஸ்மஸ் கேக்."

திங்கட்கிழமை காலை பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மாரடைப்பு. வயது அறுபத்தேழு.

செம்பாக்கத்தில் அவளைத் தபீதாள் டீச்சர் என்றால்தான் தெரியும். குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் முப்பத்திரண்டு வருடம் கணக்கு எடுத்தாள். ஓய்வு பெற்றபின் சபையில் பிறந்தநாள் பட்டியல் அவள் கைக்கு வந்தது. ஒவ்வொரு ஞாயிறும், அன்று தொடங்கும் வாரத்தில் பிறந்தநாள் வருகிறவர்களின் பெயர்களை ஆயர் அகரவரிசையில் வாசிப்பார். அவர்கள் முன்னால் போய் நிற்பார்கள், சபை ஜெபிக்கும். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்தக் குடும்பம் ஒரு மாதத்துக்கு டீச்சரிடம் பேசாது. எழுநூறு பெயர்.

2022இல் அதற்கு ஒரு கணினி நிரல் எழுத முடிவு செய்தாள். நான் பெருங்குடியில் ஒரு கம்பெனியில் டேட்டாபேஸ் வேலை பார்க்கிறேன். எழுதித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். ஓரியல் என்ற நிரல்மொழியைத் தானே தேர்ந்தெடுத்தாள். இலவச மொழி. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கலாம், பிழை கண்டால் பொதுப் பக்கத்தில் எழுதலாம், திருத்தமும் அனுப்பலாம். அம்மா அதை எடுத்ததற்கு இதெல்லாம் காரணமில்லை. அதன் கையேட்டில் ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் பயிற்சி வினாக்கள் இருந்தன.

அடுத்த பிப்ரவரியில் தனசிங் அண்ணன் காணாமல் போனார்.

தனசிங் அண்ணன் கோயில் மணி அடிப்பவர், கதவு திறந்து பூட்டுகிறவர். 1964 பிப்ரவரி 29இல் பிறந்தவர். தனக்குப் பதினாலு வயதுதான் ஆகிறது என்று சொல்லி ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று கேக் வாங்குவார். அந்த வருடம் பிப்ரவரி 29 இல்லை. ஓரியல் அவருடைய பிறந்தநாளைக் கணக்கிட்டு, வெற்று விடை கொடுத்தது. பிழை என்றுகூடச் சொல்லவில்லை. பட்டியலில் பெயர் இல்லை.

அம்மா கடைசி நிமிடத்தில் கவனித்து, துண்டுத்தாளில் எழுதி ஆயரிடம் கொடுத்தாள். மற்றவர்கள் இருக்கைக்குத் திரும்பிய பிறகு ஆயர் அதை வாசித்தார். ஆராதனை முடிந்து தனசிங் அண்ணன் வந்தார். கோபமெல்லாம் இல்லை. "பின்னால ஒட்டுன பேரு மாதிரி இருந்திச்சு டீச்சர்" என்று மட்டும் சொன்னார்.

அம்மாவுக்கு அது போதும். அடுத்த வருடம் கையால் சேர்த்துவிடலாமே என்றேன். தப்பாகப் போட்ட கணக்கில் விடையை மட்டும் அழித்து எழுதினால் தான் மார்க் போடுவதில்லை என்றாள். அன்றே ஓரியலின் பொதுப் பக்கத்தில் பிழை அறிக்கை எழுதினாள். தலைப்பு, ஆங்கிலத்தில்: "தனசிங்கைக் காணவில்லை."

தனசிங் என்பது எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று ஒருவர் கேட்டார். "1964 பதிப்பு. நன்றாக இயங்குகிறது" என்று அம்மா பதில் போட்டாள்.

ஹென்ரிக் வந்தார். இல்லாத தேதியை இருக்கிறது என்று சொல்வது பொய், வெற்று விடைதான் நேர்மை, எனவே இது பிழையே அல்ல என்று நான்கு பத்தி எழுதினார். அம்மா அதைத் திருத்தினாள். விடைத்தாளைத் திருத்துவதுபோல. இரண்டாம் பத்தியிலிருந்து மூன்றாம் பத்திக்கு எப்படி வந்தீர்கள் என்று காட்டவில்லை. பத்துக்கு மூன்று.

மொழியை உருவாக்கியவரே ஹென்ரிக்தான். அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இரண்டு போட்டிருப்பாள் என்பது என் எண்ணம். மூன்றாம் நாள் ஹென்ரிக், மீதி ஏழு மார்க் எங்கே போனது என்று பணிவாகக் கேட்டார். அம்மா ஒவ்வொன்றாகக் கணக்குக் காட்டினாள். அதற்கப்புறம் தேதி சம்பந்தமாக யார் திருத்தம் அனுப்பினாலும் கீழே ஒரு வரி இருக்கும்: டீச்சர், மார்க் போடவும். எட்டு வாங்கிய ஒரு பிரேசில்காரர் அதைத் தன் சுயவிவரத்தில் சேர்த்துக்கொண்டார்.

ஆனால் பிழை அப்படியே இருந்தது. பிப்ரவரி 28 என்று ஒரு கட்சி, மார்ச் 1 என்று ஒரு கட்சி, வெற்று விடை என்று ஹென்ரிக். இருநூறு பதில்களைத் தாண்டியது. 2024 லீப் வருடம் என்பதால் தனசிங் அண்ணன் தானாக வந்தார். 2025இல் மறுபடி துண்டுத்தாள்.

முடிச்சை அவிழ்த்தது செல்லியம்மாள். கோவளத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருபவர். கூடையை இறக்கிவிட்டு, டீச்சர் முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அம்மா முழுக் கதையையும் சொன்னாள். செல்லியம்மாள் வஞ்சிரத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டார்:

"அந்தத் தேதி இல்லாத வருசத்துல அந்தாளுக்கு வயசு ஏறாதா இன்னா?"

அம்மா மீன் வாங்காமல் உள்ளே ஓடினாள். எங்கள் தெருவில் மீன் விற்பவர் கேட்கிறார் என்று சொல்லி, கேள்வியை அப்படியே மொழிபெயர்த்துப் போட்டாள். ஓரியலிலேயே வயதைக் கணக்கிடும் இன்னொரு பகுதி இருந்தது. அதில் தனசிங்குக்கு எல்லா வருடமும் ஒழுங்காக வயது ஏறியது. வயது ஏறுகிறது, ஆனால் ஏறிய நாள் இல்லை. ஹென்ரிக் ஒரே வரி எழுதினார். மீன் விற்கும் அந்த அம்மாவுக்குப் பத்துக்குப் பத்து.

அன்று செல்லியம்மாள் திரும்பிப் போகையில் அவரிடம் இதைச் சொன்னோம். "பத்தை வெச்சிகினு இன்னா பண்றது, மீன் வாங்குவியா மாட்டியா?" என்றார்.

மிச்சம் இருந்தது 28ஆ, 1ஆ. அம்மா நேராகக் கோயிலுக்குப் போய், சம்பந்தப்பட்டவரையே கேட்டாள். தனசிங் அண்ணன் மணிக்கயிற்றைப் பிடித்தபடி கொஞ்சம் யோசித்தார்.

"இருபத்தெட்டு. பிப்ரவரில பொறந்தவன மார்ச்சுக்குத் தள்ளாதீங்க டீச்சர்."

அதையும் போட்டாள். சாட்சி ஒருவர் என்று குறித்து, இதை மொழி முடிவு செய்யக் கூடாது, எந்த நாள் என்று பிறந்தவரிடம் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் சத்தமாகப் பிழை சொல்ல வேண்டும், பேசாமல் ஆளை விழுங்கக் கூடாது என்று எழுதினாள். அதன்படி ஹென்ரிக் எழுதியதுதான் நெத்திலியன்று வந்த நாற்பது வரி.

தனசிங் அண்ணன் இந்த ஏப்ரலில் ஓய்வு பெற்று, நாசரேத்தில் மகன் வீட்டுக்குப் போகிறார். அதாவது பட்டியலில் தன் இடத்தில் நிற்க அவருக்கு மிச்சமிருந்தது இந்த ஒரு பிப்ரவரிதான். 28ஆம் தேதி சனிக்கிழமை. பெயர் 22ஆம் தேதி ஞாயிறு வாசிக்கப்பட வேண்டும். ஓரியலின் அடுத்த பதிப்பில் 10ஆம் தேதிக்குப் பிறகு திருத்தம் எதையும் சேர்க்க மாட்டார்கள். அம்மா ஜனவரியில் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த நாலாம் நாள் அந்தப் பக்கத்தில் எழுதினேன். தபீதாள் என் அம்மா. திங்கட்கிழமை காலமானார். சோதனை ஓட்டம் நடக்கவில்லை.

மூன்று நாள் கழித்து ஹென்ரிக், டீச்சர் ஓட்டிப் பார்க்கச் சொன்னார், ஓட்டாமல் சேர்க்க மாட்டேன், ஒன்பதாம் தேதி வரை காத்திருக்கிறேன் என்றார்.

ஒன்பதாம் தேதி லேப்டாப்பைத் திறந்தேன். விசைகளில் லேசாக நெத்திலி வாடை. அது என் கை. அந்தச் சனிக்கிழமை சரியாகக் கழுவவில்லை. திருத்தத்தைப் போட்டு ஓட்டினேன். உடனே நின்றது. தனசிங்: எந்த நாள் என்று சொல்லவில்லை. சத்தமாக, அம்மா கேட்டபடியே. அவளுடைய பதிவேட்டைத் தேடினேன். தனசிங் பெயருக்கு நேரே பென்சிலில் "28. அவரே சொன்னது" என்றிருந்தது. சேர்த்து மறுபடி ஓட்டினேன். பிப்ரவரி 22க்குப் பதினொரு பெயர். நான்காவது தனசிங்.

முடிவை எழுதினேன். ஹென்ரிக் அன்றே சேர்த்துவிட்டார்.

22ஆம் தேதி ஆயர் வாசித்தார். மூன்று பேர் எழுந்து போனார்கள். நான்காவது பெயர் வந்தபோது தனசிங் அண்ணன் கதவருகே அசையாமல் நின்றார். பின் பெஞ்சிலிருந்த ஒரு பிள்ளை, "தாத்தா, உங்களத்தான்" என்று தள்ளியது. போனார். வரிசையில் நாலாவதாக, ஐந்தாவது ஆளுக்கு முன்னால் நின்றார்.

முடிந்ததும் என்னிடம் வந்து தாளைக் கேட்டார். கண்ணாடி போட்டுக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார்.

"இது டீச்சர் எழுதுனதா, மெஷின் எழுதுனதா?"

"மெஷின்தான் அண்ணா."

"அப்ப சரி." மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

போன வாரம் ஹென்ரிக் தனியாக மடல் அனுப்பினார். ஓட்டம் சரியாக வந்துவிட்டதே, அந்த அரை மார்க் பற்றி யாரைக் கேட்பது என்று. எனக்கு அதிகாரம் இல்லை என்று பதில் எழுதினேன். மேசை டிராயரில் அவளுடைய சிவப்புப் பேனா இருக்கிறது. எழுதுகிறது, பார்த்துவிட்டேன். ஓரியலின் பொதுப் பக்கத்தில் இன்னும் ஒன்பதரை என்றுதான் இருக்கிறது.