இடது கதவில் ஓர் எலுமிச்சம்பழம்

என் காருக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று நான் ஒரு மாதத்துக்கு மேல் நம்பியிருந்தேன். மென்பொருளில் குறை கண்டுபிடித்துச் சொல்வதற்காகச் சம்பளம் வாங்குகிறவன் நான். அமாவாசைக்குக் கடை வாசலில் பூசணிக்காய் உடைப்பவர்களைப் பார்த்தால் வாய் சும்மா இருக்காது. அப்படிப்பட்டவன்தான் நம்பினேன்.

ஒரு சனிக்கிழமை காலை, ஜோகுபாளையத்தில் என் வாடகை வீட்டு வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இடது முன்கதவில் தண்ணீர் பாட்டில் வைக்கும் குழிக்குள் கைவிட்டபோது ஓர் எலுமிச்சம்பழம் அகப்பட்டது. பாதி காய்ந்து, தோல் சுருங்கி, அங்கங்கே நகம் பதிந்த கீறல்களோடு இருந்தது. ஆயுத பூஜைக்கு வைக்கும் பழம் சக்கரத்தின் அடியில் நசுங்கும், கதவுக்குள் ஏறி உட்காராது. நான் வைக்கவில்லை. அந்த சீட்டில் உட்காருகிறவள் இந்த உலகத்தில் ஒருத்திதான், என் மகள். அவளிடம் கொடுத்தனுப்பியது யார் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மந்திரித்த பழம், தாயத்து, கறுப்புக்கயிறு எல்லாவற்றிலும் என் பழைய மாமியாருக்கு நல்ல பழக்கம் உண்டு.

நானும் மனைவியும் பிரிந்து நான்கு வருடமாகிறது. மகளுக்குப் பதினான்கு வயது. அம்மாவோடு ஹூடியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறாள். ஒரு வாரம் விட்டு ஒரு ஞாயிறு அவள் என்னோடு இருக்க வேண்டும் என்பது கோர்ட்டில் எழுதிக்கொண்டது. காலை பத்து மணிக்கு நான் போய் அழைத்துவர வேண்டும், மாலை ஆறு மணிக்குள் கொண்டுபோய் விட வேண்டும். மீதிப் பதின்மூன்று நாட்களும் அந்த ஒரு நாளுக்காகத்தான் எழுந்தேன், குளித்தேன், ஒற்றை ஆளுக்குக் குக்கர் வைத்தேன். அலுவலக வேலையும் வீட்டிலிருந்தே என்றான பிறகு, நாள் முழுக்க வாயைத் திறந்து பேசுவது கம்ப்யூட்டரோடும் காய்கறி வண்டிக்காரரோடும்தான்.

அந்த ஒரு நாளிலும் எனக்குப் பிடித்தது காரில் வரும் நேரம். வண்டி ஓடும்போது போனைப் பார்த்தால் அவளுக்குக் குமட்டும். அதனால் ஏறியதும் போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் பேச ஆரம்பிப்பாள். கணக்கு டீச்சரின் செருப்புச் சத்தம், யார் யாரோடு பேசுவதில்லை, எந்தத் தோழி கூந்தலை வெட்டிக்கொண்டாள், அம்மா எப்போது சிரித்தாள், எல்லாம் மகாதேவபுரா தாண்டுவதற்குள் வந்துவிடும். டின் ஃபேக்டரி நெரிசலில் நாற்பது நிமிடம் நின்றாலும் நான் ஹாரன் அடித்ததில்லை. பெங்களூரில் டிராஃபிக்கை விரும்பிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அந்தச் சந்தோஷத்துக்குத்தான் மாமியார் சூனியம் வைத்துவிட்டாள் என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. பழத்தை இடது கையால் எடுத்துக்கொண்டுபோய் முச்சந்தியில் எறிந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தேன். வந்ததும் மகளின் அம்மாவுக்கு போன் செய்தேன்.

"உங்க அம்மாவோட வேலையெல்லாம் நிறுத்தச் சொல்லு. இனிமே என் வண்டியில எலுமிச்சம்பழத்தப் பார்த்தேன்னா சும்மா இருக்க மாட்டேன்."

"என்ன எலுமிச்சம்பழம்? என்ன பேசறீங்க?"

"உனக்குத் தெரியும். உன் பொண்ணையே கேளு" என்று சொல்லி வைத்துவிட்டேன். கோபத்தில் 'உன் பொண்ணு' என்று சொல்லிவிட்டது பிறகுதான் உறைத்தது.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, என் முறை. காலையிலேயே மகளிடமிருந்து செய்தி வந்தது. "இன்னிக்கு வரலப்பா. உன் கார்ல வந்தா தல சுத்துது." அதற்கடுத்த முறையும் அதே செய்தி. மூன்றாவது முறை செய்தியும் இல்லை. வக்கீலைக் கேட்டேன். "பதினாலு வயசுப் பொண்ணு சார். அவ வரமாட்டேன்னு சொன்னா கோர்ட்டு கையப் புடிச்சு இழுத்துட்டு வராது" என்றார். அன்று குக்கர் வைக்கவில்லை. இனி அவள் வரவே மாட்டாளோ என்று பயமாக இருந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தலை சுற்றுவதும் அப்படி ஒரு சாக்கு என்றுதான் நினைத்தேன். ஆனால் வேறு எதைச் சரிசெய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மாமியாரைச் சரிசெய்ய முடியாது, என்னைச் சரிசெய்ய நாளாகும். கார்தான் கைக்கெட்டிய தூரத்தில் நின்றது. மகள் நடக்கப் பழகிய வருடம் வாங்கிய கார் அது.

ஜீவனஹள்ளியில், ரயில் பாதையை ஒட்டிய ரோட்டில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். என் வயதுதான் இருக்கும். காரின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் ஓர் அமுக்கு அமுக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கார் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருந்தது.

"இன்னா சார், வண்டியா படகா இது? அமுக்குனா ஒரு வாட்டி ஏறி நிக்கணும். இது சலாம் போட்டுக்கினே கீது. நாலு ஷாக்கும் அவுட்டு. கம்ப்ளைண்ட் யாரு சொன்னது?"

"என் பொண்ணு. தலை சுத்துதுன்னு சொல்றா."

"அப்ப பாப்பாவ இட்டுகினு வா சார். கம்ப்ளைண்ட் சொன்னவங்க அவங்க சீட்ல உக்காரணும், நான் ஓட்டிப் பாக்கணும். அது நம்ம வழக்கம். ஸ்டீரிங்கப் புடிச்சினு இருக்கறவனுக்கு ஆட்டம் தெரியாது."

"அவ இப்ப வர்றதில்ல."

என் முகத்தைப் பார்த்தார். "அப்ப நீ உக்காரு" என்றார்.

பதின்மூன்று வருடத்தில் அந்த இடது சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்ததும் அது வேறு யாருடைய காரோ போல இருந்தது. எதிரே டேஷ்போர்டில், சின்ன வயதில் அவள் ஒட்டிய பூனை ஸ்டிக்கர், காது மட்டும் கிழிந்து. அவர் வண்டியைக் கிளப்பி ரயில் பாதை ரோட்டில் விட்டார். முதல் வேகத்தடையில் ஏறி இறங்கிய கார் அடுத்த வேகத்தடை வரைக்கும் ஆடி ஓயவில்லை. பிடித்துக்கொள்ள ஸ்டீரிங் இல்லை, மிதிக்க பிரேக் இல்லை. ஐந்தாவது நிமிடம் வாயில் உமிழ்நீர் ஊறியது. காலையில் தின்ற இட்லி தொண்டைக்கு வந்தது. எதையாவது பிடிக்கலாம் என்று சீட்டுக்கும் கதவுக்கும் நடுவே கையைவிட்டேன். மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தால், பேக்கரி கவர்கள். ஐந்தாறு கவர்கள், ஒவ்வொன்றும் நான்காக மடித்து, ஓட்டையில்லாததாகப் பார்த்துச் செருகிவைத்தவை.

அவர் என்னைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார். "ஒரு எலுமிச்சம்பழம் வச்சிக்கோ சார். நகத்தால கீறி மோந்துகினே வந்தா வாந்தி வராது. என் சம்சாரம் பஸ் ஏறணும்னா அது இல்லாம கிளம்ப மாட்டா."

நான் அந்தக் கவர்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, சாக்கடை ஓரமாக வாந்தி எடுத்தேன். அவர் தண்ணீர் கொடுத்தார். ஷாக்குதான் காரணம் என்று நினைத்திருப்பார். நான்கு வருடமாக அவள் இதில்தான் உட்கார்ந்து வந்திருக்கிறாள். இத்தனை நாளும் போன் பார்த்தால் குமட்டும் என்பதற்குமேல் ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை. பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு, கவரை ஒளித்துவைத்துக்கொண்டு, அப்பா வருத்தப்படுவான் என்று வந்திருக்கிறாள். நான் அதைத்தான் முச்சந்தியில் எறிந்தேன். வெட்கமாக இருந்தது. யாரிடமாவது சொல்லலாம் என்று போனை எடுத்தேன், சொல்வதற்கு ஆளில்லாமல் திரும்ப வைத்தேன்.

வேலை முடிய மாலையாயிற்று. கழற்றிப்போட்ட பழைய ஷாக் ஒன்றைக் காட்டினார். எண்ணெய் கசிந்து, அதன்மேல் மண் அப்பியிருந்தது. கம்பியை உள்ளே தள்ளினால் தள்ளிய இடத்திலேயே கிடந்தது. புதியதைத் தள்ளினால் மெதுவாக எழுந்து வந்தது. "அடி வாங்கறது ஸ்பிரிங்கு சார். அது குதிக்கும். குதிக்கறத நிறுத்தறதுதான் ஷாக்கு" என்றார். திரும்ப என்னை இடது சீட்டில் உட்காரவைத்து அதே ரோட்டில் ஓட்டினார். கார் ஒருமுறை ஏறி இறங்கி அடங்கியது.

மகளுக்குச் செய்தி அனுப்பினேன். "எலுமிச்சம்பழம் எதுக்குன்னு இப்பதான் தெரிஞ்சுது. தப்பு என்னுதுதான், அம்மாகிட்டயும் சொல்லிடு. வண்டிய சரி பண்ணிட்டேன். வர்றியாடா?" ஒரு மணி நேரம் கழித்து, கட்டை விரல் ஒன்று வந்தது. அதை நான் எத்தனை முறை எடுத்துப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

ஞாயிறு காலை கேட்டருகே நின்றாள். இரண்டு மாதத்தில் கொஞ்சம் உயரமாகியிருந்தாள். ஏறி உட்கார்ந்தாள், பெல்ட் போட்டாள், போனை எடுத்தாள். கிராஃபைட் இந்தியா ரோட்டின் பள்ளங்களில் நான் ஓரக்கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். முகம் சுளிக்கவில்லை. விரல் மட்டும் திரையில் நகர்ந்துகொண்டிருந்தது. மகாதேவபுரா வந்தது, தொங்குபாலம் வந்தது, டின் ஃபேக்டரி நெரிசலும் வந்தது. அவள் பேசவில்லை.

"கோபமாடா?" என்று கேட்டேன்.

"இல்லியே. ஏன்?"

"எப்பவும் பேசிக்கிட்டே வருவியே."

"அதுவா" என்று தலையைத் தூக்கிச் சிரித்தாள். "பேசிக்கிட்டே வந்தா குமட்டல் தெரியாதுப்பா. அதான் ஏதாச்சும் பேசிட்டே வருவேன். இப்ப வண்டி சூப்பரா இருக்கு. ஆட்டமே இல்ல." மறுபடியும் போனைப் பார்க்கத் தொடங்கினாள். பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள்.

அன்று மாலை ஹூடியில் இறங்கும்போது, "இனிமே எல்லா முறையும் வர்றேன்பா" என்றாள். நான் கேட்க ஏங்கிய வார்த்தை அதுதான். கையாட்டிவிட்டு உள்ளே போனாள். கண்ணுக்கு மறையும்வரை நின்றுவிட்டு வண்டியைத் திருப்பினேன்.

பாலம் ஏறும்போது, கணக்கு டீச்சர் இப்போது எந்தச் செருப்பு போடுகிறார் என்று பக்கத்து சீட்டைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டேன். கூந்தலை வெட்டிக்கொண்ட தோழிக்குத் திரும்ப வளர்ந்துவிட்டதா என்று கேட்டேன். அம்மா நன்றாக இருக்கிறாளா என்றும் கேட்டேன். ஜோகுபாளையம் வரும்வரை ஏதாவது பேசிக்கொண்டே வந்தேன். பேசிக்கொண்டே வந்தால் தெரியாது என்று அவள் சொன்னாள். பக்கத்து சீட் காலி என்பது எனக்குத் தெரிந்தது.