மூன்று மொழிகளில் ஒரு சாக்கடை

என் மனைவியின் தம்பிக்குச் சிதம்பரத்தில் வீடு. அதன் வாசலில் சாக்கடை தேங்கி நின்றது. வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். நகராட்சிக்கு நடந்து பலனில்லாததால், திங்களன்று இருவரும் கடலூர் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு பஸ் ஏறினோம்.

மனு வாங்கும் அதிகாரி வடநாட்டுக்காரர் என்று கேள்விப்பட்டிருந்தோம்.

"இங்கிலீஷ்ல பேசுனாதான் மாமா மதிப்பாங்க. நீங்க எழுதிக் குடுங்க, நான் அடிச்சி வுடுறேன்" என்றார் மச்சான்.

நான்கு வாக்கியங்கள் எழுதிக் கொடுத்தேன், காற்புள்ளி உட்பட. புதுச்சத்திரத்தில் மனப்பாடம் தொடங்கியது. முதுநகர் வருவதற்குள் பக்கத்து சீட்டுக்காரருக்கும் பாடமாகிவிட்டது.

எங்கள் முறை வந்தது. மச்சான் வாய் திறக்குமுன் அதிகாரி புன்னகையோடு, "வணக்கம். தங்கள் குறை யாது?" என்றார்.

பயிற்சியில் கற்ற தமிழ். அத்தனை சுத்தமான தமிழை நாங்கள் பள்ளிக்கூடத்துக்கு வெளியே சந்தித்ததில்லை. மச்சானின் ஆங்கிலம் அங்கேயே ஆவியானது. அதைவிடக் குறைந்த தமிழில் பதில் சொன்னால் மரியாதையில்லை என்று நினைத்தாரோ என்னவோ, மேடை ஏறிவிட்டார்.

"பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களே! தில்லை மாநகரில் தொன்மை வாய்ந்த எமது தெருவானது..."

முழங்கையால் இடித்தேன். அதைக் கைதட்டலாக எடுத்துக்கொண்டார். பேச்சு சாக்கடைக்கு வந்து சேருமுன் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கதவைத் தாண்டியதும், "சாக்கடைய எப்ப சொல்றதா இருந்தீங்க மச்சான்?" என்றேன்.

அவ்வளவுதான், வெடித்தார். "வாத்தியாராட்டம் பேசுறவருகிட்ட போயி சாக்கடைன்னு எப்பிடி மாமா சொல்றது? ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வர்றவுங்க வேட்டியத் தூக்கிக்கினு தாண்டுவாங்களா? நாத்தம் கொடலப் பொரட்டுது மாமா!"

குரல் உள்ளே கூடம் முழுக்கக் கேட்டது. அதிகாரி எங்களைத் திரும்பிப் பார்த்தார். அந்தத் தமிழ் அவருக்குப் பயிற்சியில் வரவில்லை. பக்கத்திலிருந்த தாசில்தார், நம் ஊர்க்காரர், அதை ஆங்கிலத்தில் சொன்னார். வேட்டி பாரம்பரிய உடையாகவும் நாற்றம் சுகாதாரக் கேடாகவும் பதவி உயர்வு பெற்றிருந்தன.

அதிகாரி எங்களிடம், "ஆவன செய்யப்படும்" என்றார். அதைக் கேட்டதும் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிற்று. அந்தச் சொல்லோடு பழகியவர்கள் நாங்கள்.

ஆனால் லாரி வந்தது. ஞாயிற்றுக்கிழமை, சரியாக மாப்பிள்ளை வீட்டார் வந்திறங்கியபோது. அவர்கள் பூவும் பழமுமாகத் தெருமுனையில் நிற்க, வாசலில் குழாய் சாக்கடையை உறிஞ்சிக்கொண்டிருந்தது. மச்சான் முகத்தில் ரத்தமே இல்லை.

மாப்பிள்ளையின் தகப்பனார் மூக்கைப் பொத்தியபடி, "ஞாயித்துக்கெழமயில கூடவா லாரி அனுப்புறாங்க?" என்றார்.

"நாங்க நேர்ல போயி சொல்லிட்டு வந்தோம்" என்றார் மச்சான், ஈனக்குரலில்.

தகப்பனார் கையை மூக்கிலிருந்து எடுத்தார். பண்ருட்டியில் அவர்கள் தெருவிலும் இதே கதைதானாம். காபி வருமுன்பே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அங்க எதுல பேசணும் சம்மந்தி, தமிழா இங்கிலீஷா?" என்று கேட்டார்.

அந்த "சம்மந்தி"யில் மச்சானுக்கு உயிர் வந்தது. "உள்ள எதுல வேணா பேசுங்க சம்மந்தி. வெளிய வந்து கத்துங்க."