கஷாயத்துக்கு வாங்கிய செடி

செடிக்காரம்மாவுக்குப் பதற்றம் கூடப்பிறந்தது. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ரகம். வீட்டுக்குப் பின்னால் இருந்த காலியிடத்தில், அந்த மண்ணில் தானாக முளைத்து வளரும் செடிகளை மட்டும் தொட்டியில் வைத்து விற்பதுதான் அவள் பிழைப்பு. "ரோஜா இல்லையா?" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போகிறவர்களே வருஷம் முழுக்க அதிகம். இலையுதிர் காலம் வந்துவிட்டால் மட்டும் மூச்சுவிட நேரம் இருக்காது. வெயில் தணிந்தும் மண்ணுக்குள் கொஞ்சம் சூடு மிச்சமிருக்கும் அந்த நாட்களில் நட்டால்தான், குளிர் வருவதற்குள் வேர் பிடிக்கும். வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் அப்போது வந்து மொய்ப்பார்கள்.

அப்படியொரு சனிக்கிழமை. மதியம் கூட்டம் கலைந்ததும் அவள் தங்கை மிச்சத் தொட்டிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இருமல் செடி ஒண்ணு இங்க இருக்கே! கடைசித் தொட்டியையும் அந்த மாவுச் சட்டைக்காரருக்குக் குடுத்துட்டேன்னு சொன்னியே?"

செடிக்காரம்மா ஓடிவந்து ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தாள். எலுமிச்சை வாசனை. இருமலுக்குக் கொதிக்கவைத்துக் குடிக்கிற செடி இதேதான். பக்கத்து வரிசையைப் பார்த்தாள். குருவிகளுக்காக வளர்க்கிற புதர்ச்செடியில் ஒரு தொட்டி குறைந்தது. இளசில் இரண்டுக்கும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஒட்டிப்பிறந்தவை மாதிரி இருக்கும். ஆனால் புதர்ச்செடியின் இலை வயிற்றுக்குள் போகக்கூடாது. ஆடு மேய்ந்தாலே சுருண்டு படுத்துவிடும்.

"வீட்ல அவளுக்கு விடாத இருமல். இலையை இன்னைக்கே கொதிக்க வெச்சுடலாம்ல?" என்று அந்த மனிதர் கேட்டிருந்தார். "தாராளமா" என்று சொன்னது அவளேதான்.

"யாருடி அவரு? வீடு எங்க?"

"எனக்கென்ன தெரியும்? தலை, சட்டை எல்லாம் மாவு. ரொட்டிக்கடையில வேலையா இருக்கும்."

சோறு போட்ட தட்டு அப்படியே இருக்க, செடிக்காரம்மா சைக்கிளை எடுத்தாள். முதல் ரொட்டிக்கடையில் அவள் சொன்ன அடையாளத்தைக் கேட்டுச் சிரித்தார்கள். அங்கே எல்லார் தலையிலும் மாவுதான் இருந்தது. இரண்டாவது கடையின் முதலாளியம்மா மட்டும் காது கொடுத்துக் கேட்டாள்.

"மாவுன்னா தட்டினா உதிர்ந்துடும்மா. அவர் சட்டையில எப்படி இருந்துச்சு?"

"காஞ்சு, கட்டி கட்டியா ஒட்டிக்கிட்டு..."

"அப்ப அது சுவர்ப் பூச்சு. எதிர்ல பெயின்ட் கடையில கேளு."

பெயின்ட் கடைக்காரர் சாப்பாட்டுக்காகப் பாதி ஷட்டரை இறக்கியிருந்தார். அதற்கடியில் குனிந்து நுழைந்தவளைக் கண்டு திடுக்கிட்டார்.

"பூச்சுக்காரரா? அவர் வீட்டு இருமல்தான் இந்தத் தெரு வரைக்கும் கேக்குமே! தண்ணித் தொட்டிக்குப் பின்னால, பச்சை கேட்டு. போன் வேணும்னா அடிச்சுப் பாருங்க. வேலையில இருந்தா எடுக்கமாட்டாரு."

அவர் கொடுத்த நம்பரில் அடித்தாள், எடுக்கவில்லை. மேட்டில் சைக்கிளை மிதிக்க முடியாமல் தள்ளிக்கொண்டே ஓடினாள். பச்சை கேட்டுக்குள், சமையலறை ஜன்னலுக்குக் கீழே அவள் விற்ற செடி நட்டிருந்தது. சுற்றிலும் மண் ஈரமாக இருந்தது. இலைகளில் பாதியைக் காணோம்.

கதவைத் திறந்த பெண்மணியின் கையில் டம்ளர்.

"குடிச்சிட்டீங்களா?"

"யாரும்மா நீ?"

"செடி வித்தவ. குடிச்சிட்டீங்களாக்கா?"

"பாதி குடிச்சேன். ஒரே கசப்பு. மருந்துன்னா கசக்கத்தானே செய்யும்னு..."

செடிக்காரம்மா டம்ளரைப் பிடுங்கினாள். "செடி மாறிப்போச்சுக்கா. தப்பு என்னோடதுதான். ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க."

அந்த அம்மாள் டம்ளரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "துணி மாத்திக்கிட்டு வந்துடறேன்."

"துணி மாத்தலாம், உயிரை மாத்த முடியாது. வாங்கக்கா!"

ஜன்னலடிச் செடியில் ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டு, வந்த வண்டியை மறித்து ஏறினார்கள். வழியிலேயே அந்த அம்மாளுக்கு வாந்தி எடுத்தது. கொத்தைப் பார்த்த டாக்டர், குடித்த அளவைக் கேட்டுக்கொண்டு, சாயங்காலம் வரை பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார்.

தகவல் தெரிந்து பூச்சுக்காரர் வந்து சேர்ந்தார். முழங்கை வரை பூச்சு காய்ந்திருந்தது. செடிக்காரம்மா எழுந்து நின்று நடந்ததைச் சொன்னாள். அவர் பெஞ்சின் மறுகோடியில் போய் உட்கார்ந்துகொண்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. கதவு திறக்கும் போதெல்லாம் இருவரும் சேர்ந்தே எழுந்தார்கள், சேர்ந்தே உட்கார்ந்தார்கள்.

இருட்டுவதற்கு முன் நர்ஸ் வந்து கூப்பிட்டாள். உள்ளே அந்த அம்மாள் சாய்ந்து உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். பூச்சுக்காரர் அருகில் போய் அவள் காலைப் பிடித்துக்கொண்டார்.

"உயிரும் இருக்கு, இருமலும் இருக்கு" என்றாள் அவள். "பசிக்குது. ஏதாவது வாங்கிட்டு வாங்க."

செடிக்காரம்மா வெளியே வந்து சுவரில் சாய்ந்து அழுதாள்.

மறுநாள் காலை மண்வெட்டியோடு பச்சை கேட்டுக்குப் போனாள். செடியைப் பிடுங்கிவிட்டால்தான் நிம்மதி. அந்த அம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

"இது பூக்குமா?"

"பூக்கும். குருவியெல்லாம் வரும். ஆனா..."

"அப்ப இருக்கட்டும். நட்டு தண்ணி ஊத்தியாச்சு."

"யாராவது தெரியாம இலையைப் பறிச்சு..."

"இந்த வீட்ல இருக்கறது ரெண்டு பேரு. ஒருத்தி குடிச்சுப் பாத்தாச்சு. இன்னொருத்தர் பக்கத்துல உக்காந்து பாத்தாச்சு. இனி யாரு குடிக்கப் போறா?"

செடிக்காரம்மா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினாள். அன்று மாலையே குருவிச் செடிகளையெல்லாம் தோட்டத்தின் கடைசி மூலைக்கு மாற்றினாள். "இடுப்பு போச்சு" என்று புலம்பிக்கொண்டே தங்கையும் சுமந்தாள்.

அப்படியும் மனசு அடங்கவில்லை. குளிர்காலம் முழுக்க ஏதாவது சாக்கு சொல்லிக்கொண்டு பச்சை கேட்டுப் பக்கம் போவாள். ஜன்னலடியில் குனிந்து கிளைகளைப் பார்ப்பாள். ஒருநாள் அந்த அம்மாள் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, சூடாக டீ கொண்டுவந்து நீட்டினாள். செடிக்காரம்மா வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள்.

"கடையில வாங்கின தூளு தங்கச்சி. பயப்படாம குடி."

செடிக்காரம்மா சிரித்தாள். ஆனாலும் அந்த அம்மாள் தன் டம்ளரில் முதல் மிடறு குடிக்கும்வரை காத்திருந்தாள்.