சீலிங் அடித்த தோள்

பெயிண்டிங் வேலைக்கு இரண்டு பேர் சேர்ந்து போனால் ஒருவனுக்கு சீலிங், இன்னொருவனுக்குச் சுவர். சீலிங் அடிப்பவனுக்குத்தான் மதிப்பு. சொட்டு விழாமல், கோடு தெரியாமல் ரோலர் இழுக்க வேண்டும். முகப்பேர் அடுக்குமாடி வீடுகளில் பல வருடமாக சீலிங் என்னுடையது. நான் அதிகம் பேசமாட்டேன். மேலே ஏறி நின்றுவிட்டால் பேச வேண்டியதும் இல்லை.

என் கூட்டாளி என்னைவிடச் சின்னவன். வாய் ஓயாது. எந்த வீட்டுக்குப் போனாலும் வீட்டம்மா அவனிடம்தான் நிறம் கேட்பார்கள். அது போதாதென்று, அவன் பிறந்தபோது கால் முதலில் வந்ததாம். அப்படிப் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு விட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவேற்காட்டில் அவன் வீட்டு வாசலில் கழுத்து திரும்பாதவர்களும் இடுப்பு பிடித்தவர்களும் காத்திருப்பார்கள். யாரிடமும் எதுவும் வாங்கமாட்டான். அதுதான் எனக்கு இன்னும் எரியும். புரண்டு பிறந்ததைத் தவிர அவன் என்ன செய்துவிட்டான்?

மழைக்காலம் முடிந்த சமயம், சட்டைக்குள் கை நுழைக்கும்போது வலது தோள் சுருக்கென்றது. பிறகு அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சீலிங் அவனுக்குப் போய்விடும். ஒரு நாள் ரோலர் கையிலிருந்து நழுவி, மூடி வைத்திருந்த சோபா மேல் விழுந்தது.

“இன்னா அண்ணாத்தே, சுளுக்கா? குந்து. ஒரு மிதி வுட்டா ஓடிப்பூடும்.”

“வேணாம்.”

“வெக்கத்தப் பாரு! கால கழுவிட்டுதான் வெப்பேன், பயப்படாத.”

வீட்டம்மா சிரித்துவிட்டார்கள். இதற்கு மேல் மறுத்தால் என் மனசு வெளியே தெரிந்துவிடும் என்று உட்கார்ந்தேன். குதிகாலால் தோளை அழுத்தித் தேய்த்தான். கண்ணில் நீர் வந்தது. மறுநாள் தலை வாரக்கூடக் கை எழவில்லை. அவன் கால் தோற்றுவிட்டதில் எனக்கு ஒரு சந்தோஷம். ஆனால் தொங்குவது என் கை.

மனைவி ஆவடியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். நான் தலையைக் குனிந்திருக்க, மிதித்தது வரை எல்லாவற்றையும் அவளே சொன்னாள். டாக்டரம்மா என் கையைப் பக்கவாட்டில் தூக்கிப் பார்த்தார்.

“இது சுளுக்கு இல்லைங்க. தோள் எலும்புக்கு அடியில தசைநார் போகுது. கையைத் தலைக்கு மேலயே வெச்சு வேலை செஞ்சா, அது உரசி உரசி வீங்கிடும். மிதிச்சா இன்னும் மோசமாகும்.”

“கட்டு போட்டுடலாமா மேடம்?” என்றாள் மனைவி.

“அசையாம வெச்சா தோள் இறுகிப்போகும். அசைக்கணும். ஆனா இப்போதைக்குத் தலைக்கு மேல தூக்கக் கூடாது.”

சில நாளைக்கு மாத்திரை, துணியில் சுற்றிய ஐஸ். மேசையைப் பிடித்துக் குனிந்து, கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்ட வேண்டும். வலி குறைந்த பிறகு, சுவரில் விரல்களை எறும்பு போல ஏற்ற வேண்டும். வலிக்கிற இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

நான் தரையில் உட்கார்ந்து ஜன்னல் கம்பிகளுக்குப் பெயிண்ட் அடித்தேன். அவன் சீலிங் அடித்தான். வீட்டம்மா அவனுக்கு ஏணிக்கே காபியை நீட்டினார்கள். என்னுடையதைத் தரையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

விரல் எதுவரை ஏறியது என்று சாயங்காலம் வீட்டுச் சுவரில் பென்சிலால் கோடு போடுவேன்.

“ஊரான் ஊட்டு செவுத்தெல்லாம் பளபளன்னு அடிச்சிட்டு, சொந்த ஊட்ல வந்து கிறுக்குறியா?” என்பாள் மனைவி. பிறகு, “உன் கூட்டாளி தெனமும் போன் பண்ணி உன் கையப் பத்திதான் கேக்குறாரு. நீதான் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீற.”

அவளும் அவன் பக்கம்.

விரல் காலண்டர் ஆணியைத் தொட்ட பிறகுதான் டாக்டரம்மா சரி என்றார். அதுவும் கொஞ்ச நேரம்தான். நடுவில் ஓய்வு வேண்டும். கையை எக்காமல் உயரமாக ஏறி நிற்க வேண்டும்.

அடுத்த வேலை பருத்திப்பட்டில், ஏரி தெரியும் வீடு. சீலிங்கைத் திருப்பிக் கேட்க பஸ்ஸிலேயே வார்த்தை சேர்த்துக்கொண்டு போனேன். வாயைத் திறப்பதற்குள் அவன் சொன்னான்: “மேல ஏறு அண்ணாத்தே. அண்ணாந்து அண்ணாந்து என் கழுத்தே பூட்ச்சு.”

இத்தனை வருடம் நான் காத்து வைத்ததை, இரவல் வாங்கிய குடை மாதிரி திருப்பிக் கொடுத்துவிட்டான். அதற்கும் பொறாமைப்பட்டேன். அவனுக்குக் கொஞ்சமாவது ஆசை இருந்திருக்கக் கூடாதா?

பாதி அடித்ததும் தோள் இழுத்தது. முன்பென்றால் மறைத்திருப்பேன். இறங்கினேன்.

“மீதி நீ அடி.”

ரோலரை வாங்கிக்கொண்டு மேலே ஏறினான்.

காய்ந்த பிறகு அண்ணாந்து பார்த்தேன். நான் விட்ட இடத்தையும் அவன் தொட்ட இடத்தையும் தேடினேன். வெளிச்சத்தை மாற்றிப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவு சுத்தமாக அடித்திருந்தான், பாவி.