தாளின் பின்பக்கம்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மழைக்காலத்தில், மலையகத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இது நடந்தது. நான் அங்கே இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். வார்டில் வேலை செய்கிறவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் குறைவு. அதனால் டொக்டர் சொல்வதைத் தமிழில் விளக்க அடிக்கடி என்னைக் கூப்பிடுவார்கள்.

அன்று கூப்பிட்டது, டயகம பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்திருந்த தாய் தகப்பனிடம் பேசுவதற்காக. அவர்களுடைய நான்கு வயது மகளுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்று அப்போதுதான் தெரியவந்திருந்தது. இனி தினமும் ஊசி. பெரியவர்களுக்குத்தானே இது வரும் என்று தகப்பன் திரும்பத் திரும்பக் கேட்டார். தாயோ, நான் சொல்லச் சொல்ல வாய்க்குள் முணுமுணுத்துப் பாடமாக்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு எதையும் இலக்கம் போட்டு எழுதினால்தான் நிம்மதி. டொக்டர் சொன்ன எல்லாவற்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். முன்பக்கம் அன்றாட வேலைகள்: ஊசி எத்தனை மணிக்கு, உடம்பில் எந்த இடத்தில், ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் மருந்தை எப்படிக் குளிர்ச்சியாக வைப்பது. நான்காவதாக, 'சீனி, இனிப்பு கொடுக்கவே கூடாது.' அதற்குக் கீழே சிவப்புக் கோடு. பின்பக்கம் ஆபத்து நேரத்துக்கு: ஊசியால் இரத்தத்தில் சீனி மிகவும் குறைந்து பிள்ளை வியர்த்து, நடுங்கி, சோர்ந்துபோனால் உடனே சீனி கரைத்துக் கொடுக்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து கிளினிக்குக்கு வந்தார்கள். தாய் கொழுந்து பறிக்கப் போகும்போது மகளைப் பிள்ளைக் காம்பராவில்தான் விட்டுப்போவார். அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கும் தெரியட்டும் என்று, என் தாளை அந்தச் சுவரிலேயே சோற்றுப் பசை தடவி ஒட்டிவிட்டாராம்.

"நாலு மூலையும் எழும்பாம ஒட்டியிருக்கேன் மிஸ்."

"சாமி படத்தக்கூட இவ இப்படி ஒட்டினதில்லீங்க" என்றார் தகப்பன். மூவரும் சிரித்தோம். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. தாளுக்கு இன்னொரு பக்கம் இருப்பது அந்த நேரத்தில் என் நினைவுக்கு வரவேயில்லை.

அடுத்த மாதம் ஒரு நாள், பகல் சாப்பாட்டு நேரத்தில் வார்டிலிருந்து அவசரமாக ஒரு இரத்த மாதிரிக் குழாய் வந்தது. சீனி அளவு அவ்வளவு குறைவு; இயந்திரம் காட்டிய எண்ணை நம்பாமல் மறுபடியும் ஓட்டிப் பார்த்தேன். அதே எண்தான். பிறகுதான் குழாயில் இருந்த பெயரைப் படித்தேன்.

அன்று காலை ஊசி போட்ட பிறகு பிள்ளை பாதி ரொட்டிதான் சாப்பிட்டிருக்கிறாள். பத்து மணிபோல காம்பராவில் வியர்த்துத் துவண்டிருக்கிறாள். அந்த அக்கா பதறிப்போய்ச் சீனி போட்ட தேத்தண்ணீரை ஊட்டப் போயிருக்கிறார். அப்போதுதான் சுவரில் சிவப்புக் கோடு கண்ணில் பட்டிருக்கிறது. தேத்தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு, தாயைக் கூட்டிவர மலைக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். தாய் இறங்கிவந்தபோது பிள்ளையால் எதையும் விழுங்க முடியவில்லை; வண்டி பிடித்து, ஆஸ்பத்திரி வந்து சேர்வதற்குள் பிள்ளைக்கு வலிப்பு வந்து நினைவும் போய்விட்டது.

உயிர் தங்கியது. ஆனால் வாய் ஓயாமல் பேசிய பிள்ளை இன்றைக்கு இரண்டு மூன்று சொற்கள்தான் பேசுகிறாள். வலது காலை இழுத்து நடக்கிறாள். தாய் வேலையை விட்டுவிட்டார்.

பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிய பிறகு நான் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். தவறு என்னுடையது என்று தாயிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். "நீங்க எழுதித்தானே குடுத்தீங்க மிஸ்" என்றார்.

காம்பராவுக்கு என்னோடு வந்தார். அந்த அக்கா எங்களைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். நான் தாளின் மூலையை நகத்தால் சுரண்டினேன். காகிதம்தான் துணுக்கு துணுக்காகக் கிழிந்தது. தாய் மெதுவாக என் கையைப் பிடித்தார்.

"விடுங்க மிஸ், வராது. நல்லா ஒட்டியிருக்கேன்."

இப்போது நான் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுகிறேன். ஆபத்து நேரத்தில் செய்ய வேண்டியதுதான் முதல் வரி. இருந்தும் ஒவ்வொரு தாயிடமும் தாளை நீட்டும்போது, ஒன்றும் எழுதாத அந்தப் பின்பக்கத்தை ஒரு தடவை திருப்பிப் பார்க்காமல் என்னால் கொடுக்க முடிவதில்லை.