ஈரப்புல்லில் காலுறையோடு ஒரு சபை

இந்த ஊரில் மத்தாப்பு வாங்கப் போனால் வயதைக் கேட்கிறார்கள். கண்ணாடி அலமாரியில் பூட்டிவைத்து, விஷமருந்தை எடுப்பதுபோல எடுத்துத் தருகிறார்கள். ஊரே பட்டாசு செய்யும் திருத்தங்கல்காரியான என்னிடம், இரண்டு பிள்ளை பெற்றவளிடம், பதினெட்டு வயது ஆகிவிட்டதா என்று ஒரு கடைக்காரப் பெண் கேட்டாள். ஆகவில்லை என்று சொல்லித் தப்பித்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

வினை என் வாயால் வந்தது. இங்கிலாந்துக்கு நர்ஸாக வந்த புதிதில் கோயிலில் என்னிடம் எல்லோரும் மழையைப் பற்றி மட்டுமே பேசுவார்கள். ஒருவரும் பெயர் கேட்டதில்லை. ஒரு ஞாயிறு பாதிரியார் பீட்டர் சொந்த ஊர் எது என்று கேட்டுவிட, இந்தியாவுக்கே வெடி எங்கள் பக்கத்திலிருந்துதான் போகிறது என்று அளந்துவிட்டேன். அடுத்த வாரமே பிரசங்க பீடத்திலிருந்து அறிவிப்பு. நவம்பரில் இவர்கள் தீமூட்டி வெடி போடும் நாளில் சபையின் வாணவேடிக்கை என் பொறுப்பாம். என் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை இழக்க மனம் வரவில்லை.

நான் வெடியே வெடித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் படித்தபோது, அம்மா வேலை பார்த்த எம். புதுப்பட்டி வெடிக் கம்பெனியில் ஒரு ஷெட் தீப்பிடித்து, அவள் வலக்கை விரல்கள் மூன்று ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. ஆஸ்பத்திரியில் அந்தக் கைக்குக் கட்டுப்போட்ட நர்ஸைப் பார்த்துத்தான் நானும் நர்ஸானேன். பொன்னைப் புடமிடுவதுபோல ஆண்டவர் என்னைப் புடமிட்டார் என்று ஊர்க் கோயிலில் சாட்சி சொல்வேன். எங்கள் வீட்டில் மெழுகுவர்த்தியைக்கூட என் கணவர்தான் பற்றவைப்பார் என்பதைச் சாட்சியில் சேர்ப்பதில்லை.

வேறு வழியில்லாமல் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"நான் திரி வச்சவடி. பத்த வைக்கிறது காசு குடுத்து வாங்குறவுக வேல. எனக்கென்ன தெரியும்?" என்றாள். பிறகு மனமிரங்கி, "கம்பெனியில செய்றதச் சொல்றேன், கேட்டுக்க. செருப்ப வெளிய விடணும். செல்போனு ஒருத்தர் கையிலயும் இருக்கக்கூடாது. நைலான் துணி ஆகாது, உரசுனா பொறி கெளம்பும். அம்புட்டுதான், மிச்சத்த ஆண்டவர் பாத்துக்கிடுவாரு" என்றாள்.

அதை அப்படியே செய்தேன். நவம்பர் குளிரில், மழை பெய்து நனைந்த மைதானத்தில், வார்டில் நோயாளிகளை அதட்டும் குரலில் எல்லோரையும் ஷூக்களைக் கழற்ற வைத்தேன். காணிக்கைப் பையில் செல்போன்களை வாங்கினேன். நைலான் அங்கி போட்டிருந்த ஒரு கிழவரைக் கோயிலுக்குள் அனுப்பிக் கம்பளி போர்த்திவரச் சொன்னேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. இந்திய ஜெபமுறை போலிருக்கிறது என்று காலுறையோடு பயபக்தியாக நின்றார்கள்.

வெடி கொளுத்தும் நீளக் குச்சியைப் பற்றவைத்து பீட்டர் என் கையில் தந்தார். உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"எனக்குப் பயமாக இருக்கிறது. நான் ஒரு வெடியும் பற்றவைத்ததில்லை."

"நானும்தான்" என்றார் அவர். "வழக்கமாகப் பற்றவைப்பவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். நீ கிடைத்தாய் என்று கர்த்தரை எவ்வளவு துதித்தேன் தெரியுமா?"

பிறகு இருவரும் ஒரே குச்சியைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடி, ஏதோ பாம்பை எட்டித் தொடுவதுபோல ராக்கெட்டின் திரியை நோக்கி நீட்டினோம். என் பயம் பறந்தோடவில்லை. அதையும் கூட்டிக்கொண்டுதான் குனிந்தேன். ராக்கெட் சீறிக் கிளம்பியதும், இதை இப்போதே அம்மாவிடம் சொல்லியாக வேண்டும் என்று மனம் துடித்தது. காணிக்கைப் பையிலிருந்து என் போனை மட்டும் எடுத்தேன். ஊரில் அப்போது நடுராத்திரி; எனக்காக ஜெபித்துக்கொண்டு விழித்திருந்தாள் போல, முதல் மணியிலேயே எடுத்தாள். நான் வாய் திறக்குமுன், பீட்டர் பற்றவைத்த அடுத்த வெடி வானத்தில் வெடித்தது.

"எந்த ஷெட்டுடி?" என்று அலறினாள் அம்மா. "எல்லாரும் வெளிய வந்துட்டாகளா?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா. இங்கன இது சந்தோசத்துக்கு வெடிக்கிறது" என்றேன்.

சபை முழுவதும் வானத்தை அண்ணாந்து பார்த்து ஆரவாரம் செய்தது. நான் வானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவர்களை ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டிருந்தேன்.